சுமோ ரசிகருக்கு எது சரி: சுருக்கமா, நேரலையா, அரங்கமா?

சுமோ பிடித்துப்போனவர்களுக்கு ஆட்டம் புரிவதில் சிக்கல் கிடையாது. வட்டத்துக்கு வெளியே கால் பட்டால் தோல்வி. உள்ளங்காலைத் தவிர உடம்பின் வேறெந்தப் பகுதி மண்ணைத் தொட்டாலும் தோல்வி. அவ்வளவுதான். சிக்கலெல்லாம் நேரத்தில். வருடத்துக்கு ஆறு தொடர்கள், தொடருக்குப் பதினைந்து நாள், ஆக 90 நாள். ஒவ்வொரு நாளும் காலையில் கடைநிலை மல்லர்கள் ஆரம்பித்து, மாலை ஆறு மணி வாக்கில் உச்ச நிலை மல்லரான யோகோஸுனா முடித்து வைக்கிறார். வேலை வெட்டி உள்ள மனிதர் இதில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் சுருக்க நிகழ்ச்சி, தொடருக்கு இரண்டு மூன்று நாள் நேரலை, எப்போதும் பக்கத்தில் தரவரிசைப் பட்டியல். ஜப்பான் போக வாய்த்தால் கடைசி ஞாயிறைத் துரத்தாமல் முதல் வாரத்தில் ஒரு வேலைநாள். இதை ஒப்புக்கொள்ளாத ரசிகர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் நாட்காட்டி. ஒற்றைப்படை மாதங்கள்தான் சுமோ மாதங்கள். ஜனவரி, மே, செப்டம்பர் மூன்றும் தோக்கியோவில், ரியோகொகு வட்டாரத்திலுள்ள கொகுகிகான் அரங்கில். மார்ச் ஒசாகாவில், ஜூலை நகோயாவில், நவம்பர் ஃபுகுவோகாவில். ஞாயிறு தொடங்கி மூன்றாவது ஞாயிறு முடியும். 1958 முதல் இந்த ஆறு தொடர் ஏற்பாடு நடப்பில் இருக்கிறது.

இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு நாள்

என்ஹெச்கே வேர்ல்ட் தொலைக்காட்சி ஒவ்வொரு நாள் ஆட்டத்தையும் சுமார் 25 நிமிடத்துக்குச் சுருக்கி, ஆங்கில வர்ணனையோடு, காசில்லாமல் தருகிறது. மேல்பிரிவான மகுஉச்சியில் 42 மல்லர்கள். எல்லாரும் இறங்கினாலும் ஒரு நாளைக்கு 21 மோதல்கள்தான். பெரும்பாலானவை சில வினாடிகளில் முடிந்துவிடும். அதனால் மோதல் என்ற அளவில் இந்த 25 நிமிடத்தில் பெரிதாக எதுவும் விட்டுப்போவதில்லை. அலுவலகம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டே ஒரு நாளை முடித்துவிடலாம். புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

விட்டுப்போவது மோதலுக்கு முந்தைய பகுதி. பெயர் சொல்லி அழைத்ததும் இருவரும் களத்தில் ஏறுகிறார்கள். காலைத் தூக்கி மிதிக்கிறார்கள், வாயில் நீர் கொப்பளிக்கிறார்கள், உப்பை அள்ளி வீசுகிறார்கள். கோட்டுக்கு வந்து குந்தி ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். மோதுவார்கள் என்று நினைக்கும்போது எழுந்து மூலைக்குப் போய் மறுபடி உப்பு. மகுஉச்சியில் இதற்கு நான்கு நிமிடம் வரை அனுமதி. நேரம் முடிந்ததை மூலையில் இருக்கும் உதவியாளர் சைகையால் சொல்ல, மல்லர் துண்டை வாங்கி முகத்தையும் அக்குளையும் அழுந்தத் துடைக்கிறார். அந்தக் கணத்தில்தான் அரங்கம் முழுக்கச் சத்தம் கிளம்பும். சுருக்க நிகழ்ச்சி இதையெல்லாம் தாண்டி நேராகக் கடைசிக் குந்தலுக்கு வந்துவிடுகிறது. தேர் நிலைக்கு வந்தபின் போய்க் கும்பிடுகிற மாதிரி.

எல்லா மோதலுக்கும் இந்த முன்கதை வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பட்டியலின் நடுவில் இருக்கும் இரண்டு பேர் நாலாவது நாள் மோதுவதற்கு நான்கு நிமிடம் காத்திருப்பது பக்தி, ரசனை இல்லை. ஆனால் 2024 மார்ச் ஒசாகா தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பிரிவில் அப்போதுதான் காலடி வைத்த தகேருஃபுஜி பட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். பதினான்காம் நாள் தோற்று, வலது கணுக்காலில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். மறுநாள் இறங்குவாரா என்பதே கேள்விக்குறி. இறங்கினார், கோனோயாமாவை வென்றார், 13 வெற்றி, 2 தோல்வி, அதாவது 13-2 என்ற கணக்கில் பட்டம். அறிமுகத் தொடரிலேயே மேல்பிரிவுப் பட்டம் வென்றவர் அதற்கு முன் 1914-இல்தான் இருந்தார். 110 வருட இடைவெளி. இதில் மோதல் மட்டும் பார்த்தவருக்கு ஒரு வெற்றி கிடைத்தது. நேரலையில் பார்த்தவர்கள், அவர் அடிபட்ட காலை ஊன்றி நடந்து வருவதையும், அந்தக் கால் எடையைத் தாங்குமா என்று அரங்கமே பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார்கள்.

நேரலை: மதியச் சாப்பாட்டு நேரம்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஜப்பான் நேரம் மூன்றரை மணி முன்னால். மேல்பிரிவு மல்லர்களின் அணிவகுப்பு நமக்குப் பன்னிரண்டேகால் வாக்கில். கடைசி மோதல் இரண்டரைக்குச் சற்று முன்பு. சனி, ஞாயிறில் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும். வாரநாளில் கஷ்டம். சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு மாலை ஐந்து மணி. லண்டனில் காலை ஒன்பது அல்லது பத்து. டொரொன்டோவில் விடியற்காலை என்பதால் அங்கிருப்பவர்களிடம் நேரலையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

என்ஹெச்கே வேர்ல்ட் எல்லா நாளும் நேரலை தருவதில்லை. தேர்ந்தெடுத்த சில நாட்களில் மட்டும், அதுவும் கடைசிப் பகுதி. முழு நேரலை வேண்டுமானால் கட்டணச் சேனல். ஜப்பானுக்குள் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பொதுத் தொலைக்காட்சியிலேயே ஓடுகிறது. அபேமா என்ற இணையச் சேவை கீழ்ப்பிரிவுகளையும் காலையிலிருந்து காட்டுகிறது.

தொலைக்காட்சியில் பார்ப்பது அசல் சுமோ இல்லை, அரங்கில் பார்ப்பதுதான் அசல் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். அவர்களுக்கு வரலாற்றைத்தான் காட்ட வேண்டும். மோதலுக்கு முன் மல்லர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முறைத்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு காலம் இருந்தது. 1928-இல் வானொலி ஒலிபரப்பு வந்ததும் நேரக் கட்டுப்பாடு வந்தது; அப்போது பத்து நிமிடம். களத்தின் நான்கு மூலையிலும் தூண்கள் இருந்தன. 1952-இல் அவற்றை எடுத்துவிட்டுக் கூரையை மேலிருந்து தொங்கவிட்டார்கள். அடுத்த வருடமே தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. இப்போது மூலைக்கு ஒன்றாகத் தொங்கும் நான்கு வண்ணக் குஞ்சங்கள் அந்தத் தூண்களின் மிச்சம்.

தீர்ப்பு விஷயத்தில் வீட்டில் இருப்பவருக்குத்தான் லாபம். 1969 மார்ச்சில் தைஹோ என்ற பெரும் யோகோஸுனா 45 வெற்றிகளைத் தொடர்ச்சியாகக் குவித்திருந்தார். தோதாவுடனான மோதலில் நடுவர் தைஹோ பக்கம் கைகாட்டினார். களத்தைச் சுற்றி உட்காரும் தீர்ப்பாளர்கள் கூடி அதைத் திருப்பிவிட்டார்கள். பிறகு வந்த புகைப்படத்தில் தோதாவின் கால்தான் முதலில் வெளியே இருந்தது. தொடர்வெற்றி போனது போனதுதான். அடுத்த தொடரிலிருந்தே ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை நடைமுறைக்கு வந்தது. இன்று தீர்ப்பாளர்கள் களத்தில் ஏறிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நமக்கு மெதுவோட்டக் காட்சி கிடைத்துவிடும். அரங்கில் இருப்பவர், தலைமைத் தீர்ப்பாளர் ஒலிவாங்கியில் ஜப்பானிய மொழியில் சொல்லப்போகும் விளக்கத்துக்குக் காத்திருப்பார்.

கூட்டம் இல்லாத சுமோ எப்படி இருக்கும் என்பதையும் தொலைக்காட்சிதான் காட்டியது. 2020 மார்ச், ஒசாகா, கோவிட். ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் பதினைந்து நாளும் நடந்தது. மண்ணில் கால் தேயும் ஓசை, தலையோடு தலை மோதும் சத்தம், மோதலுக்குப் பின் வரும் இரைப்பு எல்லாம் அப்படியே கேட்டது. அரங்கில் முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும் கிடைப்பது அந்த ஒரு தொடரில் எல்லார் வீட்டுக்கும் வந்தது.

பட்டியலைப் பிடித்துக்கொண்டால்

சுருக்கமா நேரலையா என்ற கேள்வியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பட்டத்தைப் பின்தொடர்வதா, ஆட்களைப் பின்தொடர்வதா? பெரும்பாலான புதிய ரசிகர்கள் பட்டத்தைப் பின்தொடர்கிறார்கள். யார் முன்னணி, யார் பின்னால் என்று பார்த்து, கடைசி நாள் உட்கார்ந்து, கோப்பை கொடுப்பதைப் பார்த்து, இரண்டு மாதம் மறந்துவிடுகிறார்கள். இப்படிப் பார்த்தால் சுமோ சீக்கிரமே சலிக்கும்.

தொடருக்கு இரண்டு வாரம் போல முன்னால், ஜனவரி தவிர மற்ற மாதங்களில் ஒரு திங்கட்கிழமை, பன்சுகே என்ற தரவரிசைப் பட்டியல் வரும். ஆறு பிரிவிலும் உள்ள அத்தனை மல்லர்களின் பெயரும் ஒரே தாளில், நடுவர்களில் ஒருவர் கையாலேயே எழுதியது. மேலே யோகோஸுனா பெயர் தடித்த எழுத்தில். கீழே போகப்போக எழுத்து சிறுத்து, கடைசிப் பிரிவில் பூதக்கண்ணாடி தேவைப்படும். மல்லருக்கு எல்லாமே இந்தத் தாள்தான். மேல் இரண்டு பிரிவு, அதாவது மகுஉச்சியும் ஜூரியோவும், பதினைந்து நாளும் மோதும், மாதச் சம்பளம் வாங்கும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடருக்கு ஏழே மோதல், சம்பளம் கிடையாது. மேல் இரண்டு பிரிவில் எட்டு வெற்றி பெற்றால் பட்டியலில் ஏற்றம். எட்டுத் தோல்வி என்றால் இறக்கம்.

இதனால்தான் கடைசி நாளில் நான் முதலில் தேடுவது 7-7 என்று நிற்கும் மல்லர்களை. அவர்களுக்கு அந்த ஒரு மோதலில் இரண்டு மாத வாழ்க்கை இருக்கிறது. இதே இடத்தில்தான் சுமோவின் அழுக்கும் இருந்தது. வெற்றியை விலைபேசி மாற்றிக்கொண்டது மல்லர்களின் கைப்பேசிச் செய்திகள் வழியாக அம்பலமாகி, 2011 மார்ச் தொடரையே ரத்து செய்தார்கள். பட்டம் மட்டும் பார்க்கிறவருக்கு இந்த விவகாரத்தின் ஆழம் புரியாது. பட்டியல் பார்க்கிறவருக்கு உடனே புரியும்.

இன்னொன்றும் பட்டியல் சொல்லும். ஆட வராத நாள் தோல்விக் கணக்கில் சேரும். ஆகவே அடிபட்டவர் ஓய்வெடுத்தால் கீழே இறங்குகிறார், ஓய்வெடுக்காவிட்டால் உடம்பு கெடுகிறது. கால் முழுக்கக் கட்டுப்போட்டுக்கொண்டு மல்லர்கள் இறங்குவதற்குக் காரணம் இது. வீரம் என்று வர்ணனையாளர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி ஏற்பாட்டின் கோளாறு என்றே தோன்றுகிறது.

தெருனோஃபுஜியின் கதை பட்டியல்வழி ரசிகர்களுக்கே உரியது. மங்கோலியர். 2015-இல் ஓசெகி, அதாவது இரண்டாவது உயர்ந்த நிலை. முழங்கால்களும் நீரிழிவும் சேர்ந்து அடித்ததில் சரிந்து, 2019 மார்ச்சில் கீழிருந்து இரண்டாவது பிரிவான ஜோனிதானில், நாற்பத்தெட்டாம் இடத்தில் இருந்தார். ஓசெகியாக இருந்த ஒருவர், காலையில் காலி இருக்கைகளுக்கு முன்னால், இருபது வயதுப் பையன்களோடு மோதினார். அங்கிருந்து ஏறி 2020 ஜூலையில் மேல்பிரிவின் கடைசிப் படியான மாயெகாஷிரா 17-இல் வந்து நின்று பட்டம் வென்றார். 2021-இல் 73-ஆவது யோகோஸுனா. மாலை நேரச் சுருக்கம் மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் சில காலம் காணாமல் போய்த் திரும்பி வந்தவர். பட்டியல் பார்த்தவர்கள் அவர் ஒவ்வொரு படியாக ஏறுவதைக் கூடவே இருந்து பார்த்தார்கள்.

இப்போதும் அப்படி ஒருவர் உண்டு. உக்ரைனிலிருந்து வந்த ஆவோனிஷிகி 2023 செப்டம்பரில் அறிமுகமானார். 2025 நவம்பரில் பட்டமும் ஓசெகிப் பதவியும் கிடைத்துவிட்டன. கீழ்ப்பிரிவில் இருந்தபோதே, முன்னால் குனிந்து எதிராளியின் மார்புக்கடியில் தலையைச் செருகும் அவரது பாணியைக் கவனித்தவர்களுக்கு அந்த நவம்பர் இரட்டைச் சந்தோஷம்.

கீழ்ப்பிரிவுக்காகக் காலையிலிருந்து உட்கார வேண்டியதில்லை. சுமோ சங்கத்தின் தளத்தில் முடிவுகள் ஆங்கிலத்திலும் வரும். பிடித்த மல்லரின் பெயரைத் தேடி ஒரு நிமிடம் பார்த்தால் போதும். அவருக்கு ஏழு மோதல்தானே.

நேரில் போவதென்றால்

எந்த ஊர், எந்த நாள், எந்த இருக்கை என்று மூன்று கேள்வி. ஊர் பெரிய விஷயமில்லை. பயணத் திட்டத்துக்குப் பொருந்துவதுதான் சரியான ஊர். ரியோகொகுவில் போனால் சுற்றிலும் மல்லர்களின் பயிற்சிக்கூடங்கள் உண்டு, கொகுகிகானுக்குள்ளேயே ஒரு சிறு அருங்காட்சியகமும் உண்டு. ஒசாகா அரங்கு சின்னது, கூட்டம் சத்தமானது, அதிர்ச்சித் தோல்விகளுக்குப் பேர்போனது. நகோயா தொடர் 2025 முதல் புதிய, பெரிய அரங்கில் நடக்கிறது. ஜூலை வெயிலை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். எந்த ஊராக இருந்தாலும் இப்போதெல்லாம் டிக்கெட் பறந்துவிடுகிறது. விற்பனை சுமார் ஒரு மாதம் முன்பே தொடங்கும். அன்றைக்கே உட்கார்ந்துவிட வேண்டும்.

நாள்தான் முக்கியம். எல்லாரும் கேட்பது கடைசி ஞாயிறு. அதில் உள்ள ஆபத்துக்கு 2025 நவம்பர் ஃபுகுவோகாவே சாட்சி. பதினான்கு நாள் முடிவில் ஓனோசாதோ, ஹோஷோரியு என்ற இரண்டு யோகோஸுனாக்களும் ஆவோனிஷிகியும் 11-3 என்று சமமாக நின்றார்கள். கடைசி மோதல் இரண்டு யோகோஸுனாக்களுக்கு இடையே. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஓனோசாதோ தோள் காயத்தால் வரவில்லை. ஹோஷோரியுவுக்கு மோதாமலே வெற்றி. அதிகப் போட்டிக்கிடையே டிக்கெட் பிடித்து வந்தவர்கள் எதிர்பார்த்த மோதல் நடக்கவே இல்லை. ஆவோனிஷிகி தன் மோதலை வென்றதால் ஹோஷோரியுவுடன் பட்டத் தீர்வுமோதல் கிடைத்தது, அதில் ஆவோனிஷிகி ஜெயித்தார், கூட்டம் கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது. அவர் தோற்றிருந்தால் கோப்பை மோதலே இல்லாமல் போயிருக்கும்.

முதல் வார வேலைநாளில் இந்தச் சூதாட்டம் குறைவு. அந்த வாரத்தில் யோகோஸுனாக்கள் பெரும்பாலும் மாயெகாஷிரா நிலையில் உள்ள, தரத்தில் தாழ்ந்தவர்களோடு மோதுவார்கள். அவர்களில் ஒருவர் ஜெயித்துவிட்டால் அது கின்போஷி. அந்த மல்லருக்கு மேல் இரண்டு பிரிவில் இருக்கும்வரை தொடருக்குத் தொடர் ஊக்கத்தொகை கூடும். கூட்டம் உட்காரும் திண்டுகளைக் களத்தை நோக்கி வீசும். வீசக்கூடாது என்று அறிவிப்பு வரும், யாரும் கேட்பதில்லை. ஃபுகுவோகாவில் திண்டுகளை இணைத்தே வைத்திருப்பதால் அங்கே இந்தக் கொண்டாட்டம் இல்லை. மேல்நிலை மல்லர்கள் தங்களுக்குள் மோதும் தரமான ஆட்டம்தான் வேண்டும் என்பவர்கள் இரண்டாம் வாரத்தில் போகலாம். அதுவும் தப்பில்லை.

இருக்கையில் வளையத்தோரம்தான் பெருமை; விலையும் அதற்கேற்ப. சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, குழந்தைகளுக்கு அனுமதியில்லை. நூற்றைம்பது கிலோ மனிதர் மேலே விழுந்தால் நம் பாடு. அதற்குப் பின்னால் உள்ள பெட்டி இருக்கைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றேகால் மீட்டர் சதுரம் போன்ற இடத்தில் நான்கு பேர் திண்டில் உட்கார வேண்டும். சம்மணம் போட்டுப் பழகிய நமக்கு உட்காருவது கஷ்டமில்லை. நான்கு பேர் என்பதுதான் கஷ்டம். இருவராகப் போய் நான்கு பேர் பெட்டியை எடுத்தால் சொகுசு, செலவு இரட்டிப்பு. தனியாகப் போகிறவர் இரண்டாம் மாடி நாற்காலியை எடுக்கலாம். களம் சிறியதாகத் தெரிந்தாலும் மேலிருந்து கால் நகர்வு தெளிவாகத் தெரியும், விலையும் கட்டுப்படி. எனக்குக் கிடைத்தால் அதுதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கொகுகிகானின் பேர்பெற்ற உணவு, அரங்கின் அடித்தளத்திலேயே சுட்டு விற்கும் கோழிக்குச்சி. சைவக்காரர்கள் கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போவது நல்லது.

டிக்கெட் நாள் முழுவதற்கும் செல்லும். பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகள் மூன்று மணிக்குத்தான் வருகிறார்கள். முற்பகலிலேயே போய்விடுங்கள். காலி அரங்கில் கீழ்ப்பிரிவு மல்லர்கள் மோதும்போது தலைகள் இடிக்கும் சத்தம் இரண்டாம் மாடிவரை வரும்.

தொடர்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் ஊர் ஊராகப் போகும் காட்சிச் சுற்றுகளும் உண்டு. அங்கே மல்லர்களைக் கிட்டத்தில் பார்க்கலாம், குழந்தைகளைக் களத்தில் ஏற்றி விளையாடுவார்கள், கோமாளிச் சுமோவும் பாட்டும் உண்டு. முடிவுகள் தரவரிசையில் சேராது. யாரும் உயிரைக் கொடுத்து மோதுவதில்லை. குடும்பத்தோடு போக நல்லது, ஆட்டம் பார்க்க அல்ல. 2018 ஏப்ரலில் மைசுரு என்ற ஊரில் இப்படியொரு சுற்றில்தான், களத்தில் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்ய ஏறிய பெண்களை ஒலிபெருக்கியில் இறங்கச் சொன்னார்கள். சங்கம் பிறகு மன்னிப்புக் கேட்டது. பெண்கள் களத்தில் ஏறக்கூடாது என்ற வழக்கம் இன்னும் மாறவில்லை. ரசிகராக இருப்பவர் இதையும் தெரிந்துதான் இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த ஐந்து நாள் ஆட்டமும் இந்த வகைதான். 1991-க்குப் பிறகு அங்கே முதல் முறை. ஐரோப்பாவில் இருப்பவர்கள் அப்படி ஒன்று மறுபடி வந்தால் போய்வரலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு சுமோ பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர் அடுத்த பட்டியல் வந்ததும் மேல்பிரிவின் நடுவில் ஒருவர், ஜூரியோவில் ஒருவர் என்று இரண்டு பெயரைக் குறித்துக்கொள்ளட்டும். பதினான்கு நாளும் சுருக்கம் போதும். அந்த இருவரில் ஒருவர் 7-7 என்று கடைசி ஞாயிறுக்கு வந்தால் அன்றைக்கு நேரலை தேடுங்கள். பரிசளிப்பு இருப்பதால் கடைசி நாள் ஆட்டங்கள் அரை மணி போல முன்னதாகவே நடக்கும். நம் நேரத்துக்குப் பன்னிரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். ஜூரியோ ஆள் என்றால் அதற்கும் வெகு முன்னால்.